மர்ஸான் மந்திரியின்ர கதிரை

எனக்கு என்ர சகலனில பொறாமை எண்டு மெல்பேர்ணில ரோவில் பக்கம் முழுக்கக் கதை. முதலிலேயே சொல்லிப்போடுறன், அப்பிடி ஒண்டும் இல்லை. ஒரே வீட்டில பெண் எடுத்த ரெண்டு பேரில ஒருத்தருக்கு எந்த விசேஷத்திலையும் முன்வரிசைக் கதிரை கிடைக்குது, மற்றவனுக்கு அந்தக் கதிரையை அடுக்கிற வேலை கிடைக்குது. அதை நான் கவனிக்கிறனான். கண் இருக்கு, கவனிக்கிறன். உதுக்குப் பேர் பொறாமையே?

சகலன்ர பேர் ஆனந்தராஜா. என்ர மனிசி ரஞ்சினியின்ர தமக்கை சத்தியபாமாவைக் கட்டினவர். ரோவிலில ரெண்டு தட்டு வீடு. எந்தச் சங்கம் தொடங்கினாலும் அதில அவர் போஷகர். நான் மகேந்திரராஜா. ஸ்பிரிங்வேலில ரெண்டு அறை யூனிற். மெல்பேர்ண் ஆத்தங்கரையில இருக்கிற பெரிய மாநாட்டு மண்டபத்தில கதிரை, மேசை போடுற வேலை. பன்ரண்டு வருசமாய்ப் போடுறன். ஒருநாள் எண்டாலும் நான் போட்ட கதிரையில நான் இருந்ததில்லை.

எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரே ஒரு மச்சான், மனிசிமாற்ர தம்பி சுஜீதன். வளைகுடாவில மர்ஸான் எண்டொரு சின்ன நாடு இருக்கு. அங்க ஏசி பூட்டுற கொம்பனியில ஏழு வருசம் வேலை செய்தவன். ஒப்பந்தம் முடிஞ்சு பதினாலு மாசம். முதலாளி பாஸ்போட்டை மேசை லாச்சிக்குள்ள வைச்சுப் பூட்டிப்போட்டு, நாளைக்குத் தாறன், நாளண்டைக்குத் தாறன் எண்டு இழுக்கிறான். முதலாளி கையெழுத்து வைக்காமல் அந்த நாட்டை விட்டுத் தொழிலாளி வெளிக்கிட ஏலாது. பெடியனுக்கு ஒஸ்ரேலியா விசா வந்திட்டுது. ஆனால் நவம்பர் முப்பதுக்கு முதல் வந்து இஞ்ச கால் வைக்கவேணும். வைக்காட்டில் விசா முடிஞ்சுது. அவனுக்கு வயசும் தாண்டுது, திரும்ப விண்ணப்பிக்க வழியில்லை.

அந்த விசாப் படிவம் எண்பத்திநாலு பக்கத்தையும் நிரப்பினது நான். கடைசி நாள் ஏஜென்ரின்ர கந்தோருக்கு என்னைக் காரில கொண்டுபோய் இறக்கினது ஆனந்தராஜா. ஊரில, கொக்குவிலில இருக்கிற மாமியிட்டை, பெடியனுக்கு ஆர் விசா எடுத்துக் குடுத்தது எண்டு கேட்டுப் பாருங்கோ. "மூத்த மருமோன்தான், வேற ஆர்?" எண்டு சொல்லுவா. மனிசன் காருக்கால இறங்கவும் இல்லை!

சரி, விசயத்துக்கு வாறன். தென்கடல் நாடுகள் கூட்டமைப்பு எண்டு ஒண்டு இருக்கு. ஏழு நாடுகள் சேர்ந்தது. மர்ஸானோட பதினாறு வருசமாய், ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா, 'மூலோபாய உரையாடல்' நடத்தினம். முதலாவது உரையாடலில, தொடர்ந்து உரையாடுவது எண்டு ஏகமனதாய் முடிவெடுத்தவை. அந்த முடிவை இண்டைக்குவரை ஆரும் மீறேல்லை. இந்தமுறை ஒன்பதாவது, ஒக்ரோபர் கடைசியில, எங்கட மண்டபத்தில. கையெழுத்தாகிற பத்திரத்தின்ர பேர், 'புரிந்துணர்வு ஒப்பந்தம் ஒன்றை நோக்கிய புரிந்துணர்வுக்கான விருப்பக் கடிதம்'.

ரெண்டு கிழமைக்கு முதலே அதிகாரியள் வந்திறங்கிட்டினம். நான் வட்டமேசை போட்டன். வட்டத்தில ஆருக்கும் குறை வராது எண்டு நினைச்சன். வந்துது. மந்திரிக்கு இடது பக்கம் ஒரு நாடு, வலது பக்கம் ஒரு நாடு. மிச்ச அஞ்சு நாட்டுக்கும் அந்த ரெண்டு நாட்டிலையும் வயித்தெரிச்சல். ஒருத்தர் அளவுநாடாவோட வந்து பக்கத்து நாட்டுக் கதிரை அரை அங்குலம் உயரம் எண்டார். இன்னொருத்தர் தங்கட கொடி விசிறிக் காத்தில ஆடுறது காணாது எண்டார். மூண்டு நாள் கூட்டம் வைச்சுக் கடைசியில ஒரு தீர்வு கண்டுபிடிச்சினம். மேசையின்ர நடுவை வெட்டி, மந்திரியை நடுவில ஒரு சுழல் கதிரையில இருத்துறது. ஒவ்வொரு நாட்டுப் பக்கமும் அவர் சரியாய் நாலு நிமிசம் முகம் திருப்பியிருப்பார். மிச்ச இருபத்திநாலு நிமிசமும் அந்த நாடு அவற்ர முதுகைப் பாத்துக்கொண்டிருக்கலாம். எல்லாருக்கும் சம அளவு முதுகு எண்டதால எல்லாரும் கைதட்டிச்சினம்.

அதிலை ஒரு சின்னத் தீவு மட்டும் தன்ர கதிரைக்கு ஒரு மெத்தை கேட்டுது. கூட்டமைப்பின்ர துணைச் செயலாளர் நாயகம் அந்தக் கடிதத்தை வாங்கி, நீல முத்திரை ஒண்டு குத்தினார்: 'கவனத்தில் எடுக்கப்பட்டது'. அடுத்தநாள் மெத்தை வரேல்லை. தீவுக்காரன் திரும்பவும் கேட்டான்.

"கவனத்தில் எடுக்கப்பட்ட விடயத்தை அதே உரையாடலில் மீண்டும் எழுப்ப முடியாது. விதி பதினாலு. ஒரு விடயத்தை இருமுறை கேட்பது, நாங்கள் முதல்முறை கேட்கவில்லை என்று சொல்வதாகும்" எண்டார் துணைச் செயலாளர் நாயகம். "அடுத்த உரையாடலில் எழுப்புங்கள்."

ஒரு மெத்தைக்கு ரெண்டு வருசம்! எனக்கு வந்த சிரிப்பை அடக்க ஏலாமல் சாமான் அறைக்குள்ள ஓடிப்போய் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சன். ஸ்ரோரில பத்து மெத்தை சும்மா கிடந்தது.

அந்த வயிறுதான் என்னை மாட்டிவிட்டது. அண்டைக்குப் பின்னேரம் பிரவீணா எண்டு ஒரு பிள்ளை, கூட்டமைப்பின்ர மரபுச் சடங்கு அதிகாரி, தமிழ்நாட்டுப் பிள்ளை, என்னை மேலயும் கீழயும் பாத்தா.

"சார், கொஞ்சம் நிமிர்ந்து நில்லுங்க" எண்டு நாடாவை என்ர வயித்தைச் சுத்திப் போட்டா. "அப்படியே மினிஸ்டர் தொப்பை சார்! வழுக்கை கூட அதே எடத்துல இருக்கு. ஒத்திகைக்கு நீங்கதான் மர்ஸான் மந்திரி."

"நான் கதிரை போட வந்தனான், பிள்ளை."

"ஆமா சார். இனிமே உக்காருங்க."

இருந்தன். பன்ரண்டு வருசத்துக்குப் பிறகு நான் போட்ட கதிரையில நான் இருந்தன். ஏழு நாட்டு ஆக்களும் எழும்பி நிண்டினம். உள்ளதைச் சொன்னால், நல்லாய்த்தான் இருந்தது.

ஒத்திகை எண்டால் லேசுப்பட்ட ஒத்திகை இல்லை. கைகுலுக்கல் நாலு செக்கன், அதிலை சிரிப்பு மூண்டு. மந்திரி மூண்டே மூண்டு வசனம் பேசலாம்: 'மகிழ்ச்சி', 'ஆழ்ந்த உறவு', 'கவனத்தில் எடுத்தோம்'. நான் ஒருக்கா ஆழ்ந்த உறவு சொல்லவேண்டிய இடத்தில மகிழ்ச்சி சொல்லிப்போட்டன். ரெண்டு நாடு விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதிச்சினம்.

பத்திரத்தையும் எனக்கு முன்னால வைச்சினம். செம்மறியாடு பற்றி ஒன்பது பக்கம். எண்ணெய் பற்றிப் பதினொரு பக்கம். 'பின்னிணைப்பு: தொழிலாளர் நலன்' எண்டு தலைப்புப் போட்ட தாள் வெறுமையாய்க் கிடந்தது. அச்சுப் பிழையோ எண்டு துணைச் செயலாளர் நாயகத்தைக் கேட்டன்.

அவர் நெஞ்சில கை வைச்சார். "தொழிலாளர் விடயம் எங்கள் இதயத்துக்கு மிக நெருக்கமானது. அதனால்தான் அதை வெளியே எடுப்பதில்லை. மர்ஸானுடன் எங்கள் உறவு எண்ணெயில் தங்கியிருக்கவில்லை, நம்பிக்கையில் தங்கியிருக்கிறது. எண்ணெய் வரும் என்ற நம்பிக்கையில்."

அதோட பிரவீணா இன்னொண்டும் காட்டினா. மந்திரியின்ர மேசையில ரெண்டு முத்திரை இருக்குமாம். இஞ்சத்தைச் சனத்தின்ர சார்பில சமூகத் தூதர்மார் மனுக் குடுப்பினம். மந்திரி பச்சை குத்தினால், 'உடன் நடவடிக்கை'. அது அண்டைக்கே மர்ஸான் தொழில் அமைச்சுக்குப் போகும், எந்த முதலாளியும் மறுக்க ஏலாது. நீலம் குத்தினால், தெரிஞ்சதுதானே.

ஒரு பச்சை முத்திரை. சுஜீதன்ர பாஸ்போட்!

நடக்கிறதை வெளியில சொல்லமாட்டன் எண்டு என்னட்டைக் கையெழுத்து வாங்கினவை. அந்த ஞாயிறு ரோவிலில மத்தியானச் சாப்பாடு. ஆனந்தராஜா கழுத்தில ஒரு பட்டி, அதிலை ஒரு அட்டை: 'சமூகத் தூதர்'. தன்ர வீட்டுக் குசினிக்குள்ளையும் அதைக் கழுத்தில போட்டுக்கொண்டுதான் நிண்டார்.

"மகேன், நீர் அந்த மண்டபத்திலதானே? எனக்கு மந்திரியோட நாப்பது செக்கன் தந்திருக்கினம். சுஜீதன்ர மனுவை நேர குடுக்கப்போறன்" எண்டு கடிதத்தை வாசிச்சார். "எனது மைத்துனரின் விடுதலைக்காக எனது தனிப்பட்ட, அயராத முயற்சியினால்..."

"நல்லாய் இருக்கு, அத்தான்" எண்டாள் ரஞ்சினி. கண் கலங்கிப்போச்சு அவளுக்கு.

எனது. எனது. நான் எண்ணினன், ஒரே பக்கத்தில ஆறு 'எனது'. எண்பத்திநாலு பக்கம் எழுதினவன் எதிர்க் கதிரையில இருந்து கத்தரிக்காய்க் கறியைப் பிசையிறன்.

"நீர் ஒரு உதவி செய்யும்" எண்டார் என்னைப் பாத்து. "நான் ஏறிற இடத்தில நல்ல கதிரை ஒண்டாய்ப் போட்டுவிடும், என்ன?"

நான்தான் அங்க மந்திரி எண்டு தொண்டைக்குள்ள வந்திட்டுது. சோத்தோட விழுங்கினன்.

திரும்பி வரேக்க காருக்குள்ள ரஞ்சினி சொன்னாள், "ஆர் குடுத்தால் என்னப்பா? பெடியன் வந்து சேர்ந்தால் காணும்."

"ஓம், ஓம்" எண்டன். வீட்டை வந்து அறைக் கதவைச் சாத்திப்போட்டு நானும் ஒரு மனு எழுதினன். இளைய மருமகன் மகேந்திரராஜா எழுதிக்கொள்வது. மந்திரி வந்து இருக்கிற நேரம் சுழல் கதிரையைப் பிடிக்கிறவன் நான்தான். அவருக்கு என்னைவிடக் கிட்ட ஒருத்தரும் இல்லை. கையில வைச்சால் வேலை முடிஞ்சுது. சுஜீதன் விமானத்தால இறங்கி, "இளையத்தான்தான் என்னை எடுத்துவிட்டவர்" எண்டு கொக்குவிலுக்கு ரெலிபோன் எடுக்கிறதை நினைச்சுப் பாத்தன். ஒருக்கா இல்லை, ஒன்பது பத்துத் தரம் நினைச்சுப் பாத்தன்.

அந்த நாளும் வந்துது. மந்திரி வரேல்லை.

வேற ஒரு கூட்டமைப்பு அதே நாளில கூட்டம் வைச்சு, அவருக்கு இதைவிடப் பெரிய விருந்து குடுக்குதாம். துணைச் செயலாளர் நாயகத்துக்கு முகம் கறுத்துப்போச்சு. "அவர்களிடம் என்ன இருக்கிறது எங்களிடம் இல்லாதது?" எண்டு கேட்டு, கொஞ்ச நேரம் கழிவறைக்குள்ள போய் நிண்டிட்டு வந்தார். அந்த வருத்தம் எனக்கு விளங்கிச்சுது. உலகத்திலையே அண்டைக்கு அந்த மனிசன்ர மனசு எனக்குத்தான் விளங்கிச்சுது.

ஆனால் மந்திரியின்ர முத்திரை ரெண்டும் வந்திட்டுது. மர்ஸான் தூதரகத்து இரண்டாம் செயலாளர் ஒரு வெல்வெற் பெட்டியில கொண்டுவந்தார். உரையாடல் வெற்றி எண்டு தான் போன கிழமையே அறிக்கை அனுப்பிட்டன், இனிமேல் நடத்தாமல் விட ஏலாது எண்டார். கதவைச் சாத்திப்போட்டு ஏழு நாடும் கதைச்சினம். பிறகு துணைச் செயலாளர் நாயகம் எழும்பினார்.

"நாடுகளின் உறவு மனிதர்களுக்கிடையிலானது அல்ல. மனிதர்கள் வருவார்கள், போவார்கள், சிலர் வராமலும் விடுவார்கள். உறவு கதிரைகளுக்கிடையிலானது. கதிரை இருக்கிறது. முத்திரை இருக்கிறது. கதிரையில் யார் இருக்கிறார் என்பது வெறும் நடைமுறை விவரம். பதினாறு வருடங்களாக மந்திரி எதையும் சொன்னதில்லை. அதை இவரும் திறம்படச் செய்வார்."

எல்லாரும் என்னைப் பாத்தினம். பிரவீணா எனக்கு ரை கட்டிவிட்டா. "சார், குறிப்பேட்டுல மினிஸ்டர்னுதான் எழுதுவோம். நீங்க செய்யறது எல்லாமே மினிஸ்டர் செஞ்சதுதான். போட்டோ முதுகுப் பக்கமா மட்டும் எடுப்பாங்க."

நான் சுழண்டன். நாலு நாலு நிமிசமாய் ஏழு நாட்டுக்கும் முகம் காட்டினன். மகிழ்ச்சி எண்டன், ஆழ்ந்த உறவு எண்டன். செம்மறியாட்டில கையெழுத்து வைச்சன், எண்ணெயில வைச்சன், வெறும் தாளிலையும் வைச்சன். பொக்கற்றுக்குள்ள என்ர மனு கிடந்தது. மேசையில பச்சை முத்திரை. இனி ஆரிட்டையும் குடுக்கத் தேவையில்லை, நானே குத்தலாம்.

"சமூக மனு" எண்டு அறிவிச்சினம். ஆனந்தராஜா வந்தார். கோட், சூட், தோளில பொன்னாடை, கழுத்தில அட்டை. மந்திரி தலையாட்டும்வரை மனுதாரர் குனிஞ்சு நிக்கவேணும், அதுதான் மரபு. மனிசன் குனிஞ்சார். "மாண்புமிகு அமைச்சர் அவர்களே" எண்டு சொல்லிக்கொண்டு நிமிர்ந்து பாத்தார்.

பாத்தவர் திரும்பக் குனிஞ்சிட்டார். நான் தலையாட்டேல்லையே!

நாப்பது செக்கனில பதினைஞ்சு செக்கன் அவரை அப்பிடியே நிப்பாட்டி வைச்சன். ரோவில் குனிஞ்சு நிக்குது, ஸ்பிரிங்வேல் சாய்ஞ்சு இருக்குது. என்ர வாழ்க்கையில நான் கண்ட சந்தோசத்தில அது ஒண்டு, பொய் சொல்லேல்லை.

தலையாட்டினன். அவர் கிட்ட வந்து மனுவை வைச்சு, வாய் அசையாமல் சொன்னார். "மகேன், பச்சை. பச்சையைக் குத்தும்."

நான் மனுவைப் பாத்தன். எனது மைத்துனர். எனது அயராத முயற்சி. கீழ ஒரே ஒரு கையெழுத்து.

"பகிடி விடாதையும். பெடியன்ர சீவியம்" எண்டார். குரல் நடுங்கிச்சுது. அவற்ர குரல் நடுங்கி நான் அதுக்கு முதல் கேட்டதில்லை.

எனக்குத் தெரியும், பெடியன்ர சீவியம் எண்டு. அதுக்குத்தானே பொக்கற்றுக்குள்ள வேற மனு வைச்சிருக்கிறன். இதிலை பச்சை குத்தினால் நாளைக்கு மாமி என்ன சொல்லுவா? மூத்த மருமோன் மந்திரியிட்டையே நேர போனவர் எண்டுவா. இதை நீலமாக்கிப்போட்டு என்ர மனுவில பச்சை குத்தினால், பெடியனும் வருவான், உண்மையும் வெளிவரும். ஆருக்கும் நட்டமில்லை. அஞ்சு செக்கனில இவ்வளவும் யோசிச்சன்.

நீலத்தை எடுத்துக் குத்தினன். "கவனத்தில் எடுத்தோம்" எண்டன். கமரா ஒரு தரம் மின்னிச்சுது. ஆனந்தராஜா என்னை ஒரு பார்வை பாத்திட்டு இறங்கிப் போனார்.

அவர் போன உடன பொக்கற்றுக்குள்ள இருந்து என்ர மனுவை எடுத்து விரிச்சு, பச்சை முத்திரையைக் கையில எடுத்தன். பிரவீணா ஓடிவந்து தாளைப் பிடிச்சா.

"சார், என்னது இது? சுஜீதன்னு போட்டிருக்கே. இப்பத்தான இந்தப் பேரு வந்துச்சு?"

"அது வேற ஆள் குடுத்தது. இது நான் குடுக்கிறது."

"ஆள் வேறயா இருந்தாலும் விஷயம் ஒண்ணுதானே சார். விதி பதினாலு. மினிஸ்டர் ஏற்கனவே கவனத்துல எடுத்துட்டாரே."

"எந்த மினிஸ்டர்? நான்தானே பிள்ளை!"

"ஆமா சார். நீங்கதான் எடுத்தீங்க. குறிப்பேட்டுல ஏறிடுச்சு."

"அப்ப அடுத்த..."

"ரெண்டு வருஷம் சார்."

நான் துணைச் செயலாளர் நாயகத்தைப் பாத்தன். அவர் எனக்குக் கைகாட்டிச் சிரிச்சார், மூண்டு செக்கன். அங்கால மெத்தை கேட்ட தீவுக்காரன் வெறும் பலகைக் கதிரையில நெளிஞ்சு நெளிஞ்சு இருந்தான். என்ர நாலு நிமிசம் முடிஞ்சுதெண்டு ஆரோ கதிரையைச் சுழட்டிவிட்டினம்.

நவம்பர் பத்தாம் தேதி மர்ஸானில இருந்து கடிதம் வந்தது. 'தங்கள் கோரிக்கையை மாண்புமிகு அமைச்சர் மெல்பேர்ணில் நேரடியாக, மிகுந்த அக்கறையுடன் பரிசீலித்து முடிவெடுத்துள்ளார்' எண்டு. முதலாளிக்கும் ஒரு பிரதி போட்டிருக்கினம். அவன் அதைச் சட்டம் போட்டு லாச்சிக்கு மேலேயே மாட்டியிருக்கிறானாம். நவம்பர் முப்பது வந்துது, போச்சுது.

ஆனந்தராஜா ஒருத்தருக்கும் வாய் திறக்கேல்லை. திறந்தால், தான் ஸ்பிரிங்வேல் கதிரைக்காரனுக்குக் குனிஞ்சு நிண்ட கதை வெளியில வரும். நானும் திறக்கேல்லை. இந்தப் பதினெட்டு வருசத்தில நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து ஒற்றுமையாய்ச் செய்த முதல் காரியம் அதுதான். ஆனால் படம் மட்டும் அவற்ர வரவேற்பறையில பெரிசாய்த் தொங்குது: மந்திரிக்கு மனுக் கையளிக்கும் சமூகத் தூதர். அவற்ர முகம் வடிவாய் விழுந்திருக்கு. எனக்கு வழுக்கை மட்டும். ஒவ்வொரு முறையும் அதைப் பாக்கேக்க எனக்கு இப்பவும் என்னவோ செய்யுது. பொறாமை இல்லை.

போன கிழமை பிரவீணா ரெலிபோன் எடுத்தா. பத்தாவது உரையாடலுக்கும் நான்தான் மந்திரியாம், தொப்பையைக் குறைச்சுப்போடாதீங்கோ எண்டா.

சுஜீதனும் எடுத்தவன், முந்தநாள். தொழிலாளர் காம்பில இருந்து. பின்னால பெடியள் கதைக்கிற சத்தம். "இளையத்தான், நீங்கள் அண்டைக்கு அந்த மண்டபத்தில நிண்டனீங்களாமே. மந்திரியை நேர கண்டனீங்களே? எப்பிடிப்பட்ட ஆள்?"

"வடிவாய்க் காணேல்லையடா" எண்டன். "முதுகுதான் தெரிஞ்சுது."

ரஞ்சினி என்ர கையில இருந்து ரெலிபோனை வாங்கித் தம்பியோட அழுது அழுது கதைச்சாள். வைச்சிட்டுக் கண்ணைத் துடைச்சுக்கொண்டு வந்து எனக்குச் சாப்பாடு போட்டாள். இடியப்பமும் சொதியும்.

"ஒரு முத்திரை" எண்டாள். "கையிலதானே இருந்தது அவனுக்கு. குத்திவிட்டால் என்ன குறைஞ்சு போயிருப்பான்? அந்தப் பாவிக்கும் ஒரு மச்சான் இருந்திருந்தால் விளங்கியிருக்கும்."

நான் குனிஞ்சு சாப்பிட்டன்.

"இன்னும் கொஞ்சம் சொதி விடட்டே?"

"ஓம்" எண்டன்.